பழமொழியில் பழையது எது?

தமிழ்நாட்டில் பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொல்வார்கள். யாழ்ப்பாணத்திலும் கொட்டைப்பாக்கு அதேதான், ஊர் மட்டும் வேறு. “வட்டுக்கோட்டைக்கு வழி எது எண்டா, துட்டுக்கு எட்டுக் கொட்டைப்பாக்கு.” எட்டு என்பார் சிலர், இரண்டு என்பார் வேறு சிலர். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வருகிறது என்பதுதான் சேதி. இதில் எது மூலம், எது மாற்று என்று கேட்டால் இரண்டு கரைக்காரரும் தத்தம் ஊரையே காட்டுவார்கள். அந்த வழக்கை நான் தீர்க்கப் போவதில்லை. ஆனால் அந்தத் துட்டு ஒரு சங்கதியைக் காட்டிக் கொடுக்கிறது. ஒல்லாந்தரின் சிறு செப்புக்காசு ஒன்றின் பெயரே தமிழில் துட்டு ஆயிற்று என்பது அகராதி தரும் விளக்கம். அவர்கள் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தது 1658இல். அப்படியானால் துட்டோடு கூடிய இந்த வாசகம் எவ்வளவு கிழமாகத் தோன்றினாலும் நானூறு வயதைத் தாண்டாது. 1796இல் ஒல்லாந்தர் போனார்கள், பிறகு காசும் போயிற்று. வாசகம் மட்டும் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது.

நானூறு ஆண்டு போதாதா என்றால், தாராளமாகப் போதும். நாற்பது ஆண்டு ஆனாலும் எனக்குப் போதும். ‘பழமொழி’ என்ற சொல்லின் முன்பாதி நம்மை எங்கே இழுத்துக்கொண்டு போகிறது என்பதுதான் என் கேள்வி. ‘பழ’ என்று கேட்டவுடன் வயதைத் தேடுகிறோம். வயது கிடைத்தால் அதற்குள் ஞானம் இருக்கும் என்கிறோம். ஞானம் கண்ணில் படாவிட்டால் வாசகம் எங்கோ திரிந்துவிட்டது என்று சொல்லித் திருத்தப் புறப்படுகிறோம். பழமொழி பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சில் பாதி இந்த வழியில்தான் போகிறது. சொல்லின் வரலாற்றையும் அது யாழ்ப்பாணத்து வாய்களில் நடமாடும் விதத்தையும் சேர்த்துப் பார்த்தால், வயது ஒரு பொருட்டே அல்ல என்பது என் முடிவு.

தொல்காப்பியத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. செய்யுளியல் எழுவகை யாப்பை வகுக்கிறது. பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம் என்று போய் ஏழாவதாக ‘முதுசொல்’ வருகிறது. பிறகு இலக்கணம் சொல்லும் இடத்தில் அதையே ‘முதுமொழி’ என்கிறது. நுட்பம் இருக்க வேண்டும், சுருக்கம் இருக்க வேண்டும், தெளிவும் மென்மையும் இருக்க வேண்டும், பேசுபவன் கருதிய பொருளை முடித்துவைக்கும் காரணமாக அது வந்து நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். பெயரில் ‘முது’ இருக்கிறது. இலக்கணத்தில் முதுமை பற்றி ஒரு வார்த்தை இல்லை. எத்தனை தலைமுறை பழகியிருக்க வேண்டும் என்றோ, சான்றோர் வாயிலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்றோ நிபந்தனை கிடையாது. கருதிய பொருளை முடிப்பது என்ற ஒரு தொழிலைத்தான் தொல்காப்பியர் கேட்கிறார். பேச்சு இழுபட்டுக்கொண்டிருக்கிறது, யாரோ ஒருவர் ஒன்றைச் சொல்கிறார், அதோடு அந்தப் பேச்சு முடிகிறது. முடிக்கும் அந்த வாசகம்தான் முதுமொழி.

இந்த இலக்கணத்தை அச்சில் நம் கையில் தந்தவர்கள் யார் என்று பார்த்தால் மறுபடியும் குடாநாட்டுக்கே வர வேண்டியிருக்கிறது. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் பொருளதிகாரத்தைப் பதிப்பித்தார். புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையரின் குறிப்புகளோடு, செய்யுளியல் அடங்கிய பிற்பகுதி பேராசிரியர் உரையுடன் 1943இல் சுன்னாகம் திருமகள் அழுத்தகத்திலிருந்து வந்தது. உரைக்கு உரை எழுதிய அந்தப் பெரிய உழைப்பு, முதுமொழி என்றால் வயசாளிகள் சொல்வது என்ற எளிய விளக்கத்தோடு நாம் திருப்திப்பட்டுக்கொள்வதற்காகச் செய்யப்பட்டதல்ல.

‘பழமொழி’ என்ற சொல்லே சங்கப் பாட்டில் இருக்கிறது. அகநானூற்றில் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். 66ஆம் பாட்டில், பிள்ளைப்பேறு உடையவர் இம்மையில் புகழும் மறுமையில் நற்கதியும் பெறுவர் என்று பலர் சொல்லும் பழமொழி உண்மைதான் என்று தலைவி ஒத்துக்கொள்கிறாள். பாடியவர் செல்லூர்க் கோசிகன் கண்ணனார். 101ஆம் பாட்டில் மாமூலனாரின் தலைவி, நன்மை செய்தவருக்குத் தீமை வராது என்ற தொன்றுதொட்ட பழமொழி இன்றைக்குப் பொய்த்துவிட்டதோ என்று தோழியிடம் கேட்கிறாள். ஒருத்தி பழமொழிக்குச் சாட்சி சொல்கிறாள், மற்றவள் அதைக் குறுக்கு விசாரணை செய்கிறாள். பழையது என்பதற்காக அதற்குத் தலைவணங்க வேண்டும் என்ற எண்ணம் இரண்டாம் பெண்ணிடம் இல்லை. அன்றைக்கே அது வாழ்க்கையோடு உரசிப் பார்க்கும் சரக்காக இருந்திருக்கிறது.

பின்னால் நிலைமை மாறுகிறது. முன்றுறையரையனாரின் பழமொழி நானூறு பாட்டுக்கொரு பழமொழியை எடுத்து நீதியோடு முடிச்சுப் போட்டது. அது அறநூல், தன் வேலையைச் செய்தது. ஊர்வாயில் கிடந்தவை வெண்பாவுக்குள் ஏறியதால் பிழைத்துக்கொண்டன என்ற நன்றியும் அதற்கு உண்டு. தவளை தன் வாயால் கெடும் என்று இன்றைக்கும் சொல்கிறோம், அங்கே தவளைக்குப் பதில் நுணல். என்றாலும் பழமொழி என்றால் அறிவுரை என்ற நினைப்புக்கு ஊன்றுகோல் கொடுத்ததும் இத்தகைய நூல்கள்தாம்.

இன்று நமக்குத் தெரிந்த பழமொழி, அதாவது அகர வரிசையில் எண் போட்டு அடுக்கிய பழமொழி, யாழ்ப்பாணத்தில் அச்சானது. 1842இல் சந்திரசேகர பண்டிதர் முதலியோர் உழைப்பில் 58,500 சொற்கள் கொண்ட மானிப்பாய் அகராதி வெளிவந்தது. மறு ஆண்டு, 1843இல், வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியார் தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு யாழ்ப்பாணத்தில் வெளியிட்டார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியை உருவாக்கியவர்களில் ஒருவர் இவர், ஆறுமுக நாவலரைத் துணையாக வைத்து விவிலியத்தை மொழிபெயர்த்தவரும் இவரே. பிறகு சென்னைக்குப் போய் 1855இல் ‘தினவர்த்தமானி’ என்ற வார இதழைத் தொடங்கினார். அதற்கு ஆசிரியராக அவர் அழைத்துக்கொண்டவர் தாமோதரம்பிள்ளை. பழமொழியைத் தொகுத்தவரும் பழமொழிக்கான இலக்கணத்தைப் பின்னாளில் பதிப்பித்தவரும் ஒரே பத்திரிகைக் கந்தோரில் இருந்திருக்கிறார்கள். இதைப் பற்றி இருவரும் என்றாவது பேசிக்கொண்டார்களா என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

பேர்சிவலின் இரண்டாம் பதிப்பு 1874இல் சென்னையில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளோடு வந்தது. 1894இல் லாசரஸின் பழமொழி அகராதி. 1897இல் டேனிஷ் மிஷனரி ஹெர்மன் ஜென்சன் பொருள்வாரியாகப் பிரித்த தொகுப்பு. இருபதாம் நூற்றாண்டில் கி. வா. ஜகந்நாதனின் பெருந்தொகுப்பு நான்கு தொகுதிகளாக விரிந்தது. பிரசங்கத்துக்கு உதவும், வெள்ளைக்காரர் மொழி படிக்க உதவும் என்று மிஷனரிகள் தொடங்கினார்கள். நோக்கம் எதுவானாலும் சேர்த்தது பெருஞ்செல்வம். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அகர வரிசையில் ஏறும்போது வாசகத்திடமிருந்து ஒன்று கழன்று விழுந்தது. அது என்ன என்பதைக் காட்ட ஒரு வீட்டு முற்றத்துக்குப் போக வேண்டும்.

கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பெண் படலையைத் திறந்து உள்ளே வருகிறாள்.

“என்ன மாமி, பெடியன் பகுதி என்னவாம்?”

“என்னத்தைச் சொல்லுறது பிள்ளை. வட்டுக்கோட்டைக்கு வழி கேட்டா, துட்டுக்கு எட்டுக் கொட்டைப்பாக்காம்.”

“அப்ப இன்னும் ஒண்டும் சரிவரேல்லை?”

“சாதகம் பொருத்தமோ எண்டு நாங்கள் கேக்கிறம். வளவு எத்தினை பரப்பு எண்டு அவை கேக்கினம்.”

மாமி சொன்னதில் உள்ள ‘ஆம்’ என்ற வாலைக் கவனியுங்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சில் பழமொழி தனியாக வந்து நிற்பதில்லை. முன்னால் ‘உதுக்குத்தான் சொல்லுறது’ என்று வரும், பின்னால் ‘எண்டு சும்மாவோ சொன்னவை’ என்று வரும். ‘எண்டானாம்’, ‘எண்டாளாம்’ என்று முடியும். இல்லையென்றால் ‘மாதிரி’, ‘கணக்காய்’ என்று எதிரே இருக்கும் காரியத்தோடு ஒட்டிக்கொள்ளும். இந்த வால்கள் செய்யும் வேலை சின்னதல்ல. ‘சொல்வது நான் அல்ல, ஊர் சொல்கிறது’ என்று பேசுபவர் ஒதுங்கிக்கொள்ள அவை இடம் தருகின்றன. மாமி மாப்பிள்ளை வீட்டாரைப் பேராசைக்காரர் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. சம்பந்தம் நாளைக்குச் சரிவந்தால் இந்தப் பேச்சு அவரைக் கடிக்காது. அதேநேரம் கொட்டைப்பாக்கின் விலை என்பது சீதனப் பேச்சுக்கு எவ்வளவு பொருத்தமாக வந்து விழுந்திருக்கிறது என்று பாருங்கள். அகராதியில் ‘சம்பந்தமில்லாமல் பேசுதல்’ என்று பொருள் போட்டால் இந்தக் குத்தல் போயே போய்விடும்.

பெயர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொலவடை, சொலவம் என்பவை தமிழ்நாட்டுக் கிராமங்களில் உயிரோடு இருக்கும் சொற்கள். ஈழத்தில் அவை பெரும்பாலும் கதைப் புத்தகம் வழியாக வந்தவை. இங்கே பள்ளிக்கூடமும் பத்திரிகையும் பழமொழி என்றே சொல்கின்றன. வீட்டுப் பேச்சில் பெயர் அநேகமாக வருவதே இல்லை, ‘சொல்லுவினம்’ என்ற வினைதான் வருகிறது. விடுகதைக்கு ‘நொடி’ என்று தனிப்பெயர் வைத்திருக்கும் ஊர் பழமொழிக்குப் பெயரில்லாமலே காரியம் பார்ப்பது எனக்கு வியப்பாக இல்லை. நொடி போடுவது ஒரு விளையாட்டு. ‘வா, நொடி போடுவம்’ என்று குழந்தைகளைக் கூப்பிட்டு உட்காரவைக்கலாம். ‘வா, பழமொழி சொல்லுவம்’ என்று யாரும் கூப்பிடுவதில்லை. பேச்சு நடந்தால்தான் பழமொழிக்கு வேலை.

முதுசொல் என்று சொல்லும்போது யாழ்ப்பாணத்தவர் காதில் பக்கத்திலேயே ‘முதுசொம்’ என்பதும் ஒலிக்கும். 1707இல் ஒல்லாந்தர் ஏட்டில் ஏற்றிய தேசவழமைச் சட்டம் முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தைப் பிரிக்கிறது. பரம்பரையாக வந்தது முதுசொம், கலியாணத்துக்குப் பிறகு சேர்த்தது தேடியதேட்டம். பழமொழிகளை ‘எங்கள் முதுசொம்’ என்று மேடையில் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கென்னவோ அவற்றில் பாதி தேடியதேட்டம் என்றே தோன்றுகிறது.

அக்கம்பக்கத்து மொழிகள் என்ன பெயர் வைத்திருக்கின்றன? மலையாளி பழஞ்சொல் என்கிறான், நமக்கு வெகு கிட்ட. தெலுங்கில் சாமெத, கன்னடத்தில் காதெ. சிங்களத்தில் ‘பிரஸ்தாவ பிருளு’. சிங்களத்தில் பிரஸ்தாவ என்றால் சந்தர்ப்பம். நாம் வயதைப் பெயரில் வைத்தோம், அவர்கள் தருணத்தைப் பெயரில் வைத்தார்கள். தொல்காப்பியரிடம் காட்டியிருந்தால் சிங்களப் பெயரே தன் இலக்கணத்துக்கு நெருக்கம் என்று சொல்லியிருப்பார்.

பழமொழி என்பது மண்ணின் குரல் என்று ஒரு பேச்சு உண்டு. அதையும் அப்படியே ஏற்க முடியவில்லை. குடாநாட்டில் ஆறு கிடையாது. மழைக்காலத்தில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலில் விழும் வழுக்கையாற்றைத்தான் ஆறு என்று சொல்லிக்கொள்கிறோம். மற்றபடி சுண்ணக்கல்லில் வெட்டிய கிணறுதான் குடிக்கவும் தோட்டத்துக்கும். ஆனால் “ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பதும், “ஆத்திலை ஒரு கால், சேத்திலை ஒரு கால்” என்பதும் எந்தத் தடையுமில்லாமல் புழங்குகின்றன. ஆற்றில் ஒருபோதும் கால் நனைக்காத ஆச்சி அதைச் சொல்வாள், ஆற்றைக் காணாத பேரனுக்கும் விளங்கும். மண்ணில் இல்லாததும் பேச்சில் இருக்கும்.

அதே வேளை மண் தன் கையெழுத்தைப் போடாமல் விடுவதும் இல்லை. தமிழ்நாட்டில் மரத்திலிருந்து விழுந்தவனை மாடு மிதிக்கும். யாழ்ப்பாணத்தில் “பனையாலை விழுந்தவனை மாடேறி மிதிச்ச மாதிரி” என்பார்கள். மரம் பனை ஆனதும் விழுந்த உயரம் கூடிவிட்டது, ‘ஏறி’ சேர்ந்ததும் மாட்டின் பாரமும் கூடிவிட்டது. சீவல் தொழிலாளி பனையிலிருந்து விழுவது இங்கே உவமைக்காகக் கற்பித்த காட்சியல்ல, நடந்த, நடக்கின்ற சாவு. அதைத் தெரிந்தவர் வாயில் இந்த வாசகம் சிரிப்புக்கு வருவதில்லை. பழுத்த ஓலை விழக் குருத்தோலை சிரித்தது என்ற வழக்கு இங்கே “காவோலை விழக் குருத்தோலை சிரிச்சதாம்” ஆகிறது. காய்ந்து தொங்கும் பனையோலைக்குக் காவோலை என்பது இங்கே அன்றாடப் பெயர். வேலி அடைக்கும் ஊர் என்பதால் வேலிக்கு ஓணான் சாட்சி என்பதற்கும் தனி உயிர். எல்லைக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காகத் தலைமுறையாகக் கோடேறிய வீடுகள் உள்ள ஊரில், அந்த ஓணான் வெறும் ஓணான் இல்லை.

இப்போது திருத்தக்காரர்களிடம் வருகிறேன். பழமொழிகளின் ‘உண்மைப் பொருள்’ என்று ஒரு துறையே கிளம்பியிருக்கிறது. மேடையில் தொடங்கி வாட்ஸ்அப் வரைக்கும் வந்துவிட்டது. ‘மண் குதிரை’ இல்லையாம், ‘மண் குதிர்’. ஆயிரம் பேரைக் கொன்றவன் இல்லையாம், ஆயிரம் வேரைக் கொன்றவன். கழுதைக்குத் தெரியுமா என்பது ‘கழு தைக்க’ என்று பிரிகிறது. சட்டியிலிருந்தால் அகப்பையில் வரும் என்பது சஷ்டியில் விரதமிருந்தால் அகப்பையாகிய கருப்பையில் பிள்ளை வரும் என்று ஆகிறது. இந்தக் கடைசித் திருத்தத்துக்கு யாழ்ப்பாணத்தில் நல்ல மவுசு. காரணம் தெரிந்ததே. கந்தபுராணப் படிப்பும் கந்தசஷ்டி விரதமும் ஊறிய ஊர் இது.

ஆனால் சமையலறையில் அகப்பை என்பது நாள்தோறும் கையில் பிடிக்கும் சாமான். தேங்காய்ச் சிரட்டையில் காம்பு செருகி உறியிலோ சுவரிலோ தொங்கவிட்டிருப்பார்கள். சட்டியில் கறி இல்லாவிட்டால் அகப்பையில் என்ன வரும் என்ற வாசகத்தில் எந்தப் பிழையும் இல்லை. இது சோதனையில் தவறிய பிள்ளையின் மூளையைப் பற்றி வரும், சீதனம் குறைத்துக் கொடுக்கும் தகப்பனின் கையறுநிலைக்காகவும் வரும், திறைசேரியில் பணமில்லை என்ற மந்திரியின் பேச்சுக்குப் பின்குறிப்பாகவும் வரும். முதலாவதில் ஏளனம், இரண்டாவதில் மன்னிப்பு, மூன்றாவதில் நக்கல். இத்தனைக்கும் வளையும் வாசகத்தைக் கோயில் விரதத்துக்குள் பூட்டிவைப்பதால் யாருக்கு என்ன லாபம்? வேறு ஒரு குறையும் உண்டு. இந்தத் திருத்தங்களுக்குப் பழைய ஏட்டிலோ தொகுப்பிலோ ஆதாரம் காட்டுகிறவர்களை நான் கண்டதில்லை. ஒலி ஒத்துப்போனால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

திருத்தம் ஏன் தேவைப்படுகிறது என்பதுதான் யோசிக்க வேண்டியது. பழையது என்றால் உயர்ந்தது என்று முதலில் நம்புகிறோம். பிறகு ஒரு பழமொழி முட்டாள்தனமாகவோ கொடூரமாகவோ தெரிந்தால், முன்னோர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று முடிவு கட்டுகிறோம். முன்னோர் அப்படிச் சொன்னார்கள். பெண் புத்தி பின் புத்தி என்பதைப் ‘பின்வருவதை அறியும் புத்தி’ என்று எவ்வளவு நயமாகத் திருப்பினாலும், அது எந்த வீட்டில் யார் வாயை அடைக்கச் சொல்லப்பட்டது என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொகுப்புகளைப் புரட்டினால் சாதிப்பெயர் சொல்லி இழிக்கும் வாசகங்கள் பக்கத்துக்குப் பக்கம் கிடைக்கின்றன. யாழ்ப்பாணச் சமூகம் அவற்றை எழுத்திலிருந்து விலக்கிக்கொண்டது, நாக்கிலிருந்து முற்றாக விலக்கிக்கொண்டதாகச் சொல்ல மாட்டேன். முதுமொழி என்ற மரியாதைப் பெயர் இவற்றுக்கும் குடை பிடிக்கிறது. பேச்சை முடித்துவைப்பது பழமொழியின் தொழில் என்று தொல்காப்பியர் சொன்னதை இங்கே இன்னொரு கோணத்தில் பார்க்கலாம். எதிராளியைப் பேசவிடாமல் முடித்துவைப்பதும் அதே தொழில்தான். ஆகவே பழமொழியை ஞானம் என்றும் கூப்பிட வேண்டாம், குப்பை என்றும் ஒதுக்க வேண்டாம். அது ஒரு கருவி. யார் கையில், யார் மேல் என்பதைப் பார்த்தே மதிப்பிட வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் நாம் செய்வது இதற்கு நேர் எதிர். இடைவெளி நிரப்புக, கருத்து எழுதுக என்பதோடு பழமொழிப் பாடம் முடிகிறது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கும் பட்டியலே கிடைக்கிறது. ஐம்பது பழமொழி மனனம் செய்த பிள்ளைக்கு, அம்மம்மா தொலைபேசியில் “ஓமோம், காவோலை விழக் குருத்தோலை சிரிச்சதாம்” என்று சொன்னால் யாரைச் சொல்கிறாள் என்று பிடிபடாது. ‘ஆம்’ என்ற வாலைப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வாசகங்களைச் சேர்க்கும் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. பேர்சிவல் முதல் கி. வா. ஜ. வரை அதைச் செய்திருக்கிறார்கள். வட்டுக்கோட்டை மு. இராமலிங்கம் போன்றவர்கள் ஈழத்து நாட்டார் வழக்குகளை ஊர் ஊராகத் தேடிப் பதித்ததும் உண்டு. இன்னும் செய்யாமல் கிடப்பது வேறொரு வேலை, அதற்கு ஆராய்ச்சிப் பட்டம் வேண்டாம். வீட்டில் எழுபது எண்பது வயதில் யாராவது இருந்தால் ஒரு கொப்பியை எடுத்து வையுங்கள். அவர் வாயிலிருந்து ஒரு பழமொழி வரும்போது அதை மட்டும் எழுதாதீர்கள். யார், யாரைப் பார்த்து, என்ன பேச்சுக்கு நடுவில் சொன்னார், எப்படித் தொடங்கி எப்படி முடித்தார், கேட்டவர் சிரித்தாரா முகத்தைத் திருப்பினாரா என்பதையும் எழுதுங்கள். ‘எண்டானாம்’ என்று சொன்னால் ‘எண்டானாம்’ என்றே எழுதுங்கள், ‘என்றானாம்’ என்று திருத்த வேண்டாம்.